மடுவுக்கு வந்த லாரி

மீன்கள் செத்து மிதந்ததை நான் முதலில் பார்த்தது ஒரு மாசி மாதக் காலையில். சர்க்கரைக்காகத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஸ்ரீரங்கத்து வீதிகளில் நடந்தால் தெரிந்தவர்கள் நிறுத்திவைத்துப் பேசுவார்கள். ஏழு மணிக்குள் வீடு திரும்பிச் சமைத்து வைத்தால்தான், தில்லைநகரில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர முடியும். அதனால் யாரும் பேசாத வடக்குப் பக்கமாக, கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவேன்.

மாசியில் கொள்ளிடத்தில் ஆறு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. மணலும் நாணலும்தான். வெள்ளம் பறித்துவிட்டுப் போன பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். எங்கள் கரையிலிருந்து இறங்கினால் வருகிற மடு, ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்கு இருந்தது. அன்றைக்கு அதில் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வெள்ளை வெள்ளையாக எதையோ அள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அத்தனையும் மீன் என்று தெரிந்தது. வயிறு மேலாகத் திரும்பிக் கிடந்தன. கரையோரத்தில் இன்னும் சாகாத சில, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அவர் அந்த மடுவில் வலை போடுகிறவர். அறுபது வயதிருக்கும். பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்திருப்பதை நடக்கும்போது பார்த்திருக்கிறேன்; பேசியதில்லை.

“விக்கறதுக்கா அண்ணே?” என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

“இதையா? இதை நாய்க்குப் போட்டா நாயும் சாவும். புதைக்கத்தாம்மா அள்ளுறேன்.”

“என்ன ஆச்சு?”

“விடியறதுக்குள்ள வந்து கொட்டிட்டுப் போயிட்டானுங்க. மோந்து பாருங்க, தெரியும். கெண்டை தாங்காது. விரால் மேல வந்து மூச்சு வாங்கிக்கும், அது கொஞ்சம் தாங்கும். கெண்டை பாவம், நின்ன இடத்துலயே நின்னு செத்துப்போயிடும்.”

மோந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. மலமும் சோப்பும் கலந்த நாற்றம் கரையிலேயே அடித்தது. போனில் இரண்டு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘கொள்ளிடத்தில் இன்று காலை’ என்று எழுதினேன். மூன்று பேர் கைகூப்பினார்கள். ஒருவர் அழுகிற முகம் போட்டார். அதற்குக் கீழே யாரோ பூங்கொத்துடன் காலை வணக்கம் அனுப்பினார். அதோடு முடிந்தது.

ஆனால் அந்தப் படம் எப்படியோ கை மாறிப் போயிருக்கிறது. இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. மேலப்புதூர்ப் பக்கம் குடியிருக்கும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் சில வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை அள்ளிக்கொண்டிருந்தவர். சர்ச்சில் காலைப் பூசை முடித்துவிட்டு நேரே வாய்க்காலுக்குப் போவாராம்.

“அங்க என்னால ஒண்ணும் பண்ண முடியலம்மா. ஒரு பக்கம் அள்ளினா இன்னொரு பக்கம் கொட்டுறாங்க. உங்க மடு சின்னதுதானே? சின்னதா இருந்தா ஒருவேளை முடியும்” என்றார்.

அவர் சொன்ன அந்த ‘ஒருவேளை’ எனக்குப் பிடித்திருந்தது. பெரிதாக எதையும் சொல்லி என்னை இழுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஸ்கூட்டரில் ஒரு இரும்பு வாரியும் நான்கு ஜோடி கையுறையும் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

குழுவிலும் சொல்லி வைத்ததில், முதல் வாரம் பதினோரு பேர் வந்தோம். ஒருவர் பேனர் கொண்டு வந்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தோம். இரண்டாம் வாரம் ஏழு பேர். அடுத்த வாரம் பேனர் கொண்டு வந்தவர் வரவில்லை, பேனரும் வரவில்லை. பிறகு நிலையாக வந்தது நாங்கள் நான்கு பேர்தான்: கணக்கு சார், நான், வலை போடுகிற அண்ணன், மீன் விற்கிற அவர் மனைவி. அந்த அக்கா கூடையைக் கரையில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எங்களோடு இறங்கி வேலை செய்துவிட்டு வியாபாரத்துக்குப் போவார்.

அள்ளியதில் பாதி துணி. காரியம் பண்ணிவிட்டு, கட்டியிருந்த வேட்டியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டுப் போகிற துணி. மண்ணில் புதைந்து வேர் விட்டதுபோல் இருக்கும். ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால் பத்தடிக்கு வரும், அதற்குள் முதுகு விட்டுப்போகும். மாலை நார், கண்ணாடி உடைந்த சாமி படங்கள், மாத்திரை அட்டைகள், பெரியவர்களுக்குக் கட்டுகிற டயப்பர். ஒரு ஞாயிறு முழுக்க ஆகாயத்தாமரையைப் பிடுங்கிக் கரையில் போட்டோம். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் பிடுங்கியதே தெரியவில்லை.  சார் கையுறையை மாட்டிக்கொண்டார்.

அண்ணன்தான் ஒரு நாள் வாரியை நட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்க கோவிச்சுக்கக் கூடாது. நாம குப்பையைத்தான் பொறுக்குறோம். குப்பையால மீன் சாவலீங்க. அந்த லாரியை நிறுத்தாம நாம எதை அள்ளி என்ன?”

அது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. குப்பை அள்ளுவது சுலபம், அதனால் அதைச் செய்துகொண்டிருந்தோம்.

மனு எழுதினோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் நான்கு முறை சர்க்கார் ஆபீசுகளுக்குப் போனேன். முதல் ஆபீசில் அது தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். எல்லைக்குள் வரும் என்று அவர்கள் சொன்ன ஆபீசில், ஆற்றுக்குள் இருப்பதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். அங்கே இருந்த அதிகாரி கெட்டவர் இல்லை. என்னை உட்காரச் சொன்னார். மேஜையில் அவருடைய சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது, மணி மூன்று.

“மேடம், லாரி கொட்டுதுன்னு சொல்றீங்க. நம்பர் இருக்கா? கொட்டறப்ப எடுத்த போட்டோ இருக்கா? அது இல்லாம நான் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவேன்?”

அதனால் லாரியைப் பிடிப்பது என்று முடிவு செய்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் பிளாஸ்கில் காப்பியுமாக வந்துவிடுவார். நானும் அண்ணனும் கரைச் சரிவில் நிற்போம். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், வானம் வெளுக்க ஆரம்பிக்கும்போது, லைட்டை அணைத்துக்கொண்டு ஒரு லாரி மெதுவாகச் சரிவில் இறங்கியது. டிரைவர் குதித்துப் பின்பக்கம் போய்க் குழாயைக் கழற்றினான். சார் எழுந்து போய் லாரிக்கும் மடுவுக்கும் நடுவில் நின்றார்.

“ஹோஸைக் கீழ வைப்பா.”

“சார், ஓரமா நில்லுங்க. மேல பட்டுடும்.”

“படட்டும். கீழ வை.”

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நம்பர் பிளேட், குழாய், அவன் முகம். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு. என்னைப் பார்த்ததும் அவனுக்குக் கோபம் வந்ததுபோல் தெரியவில்லை. குழாயைக் கையில் பிடித்தபடியே உற்றுப் பார்த்தான்.

“எடுங்கக்கா, நல்லா எடுங்க. ஆனா இது யார் வீட்டுதுன்னு கேக்க மாட்டீங்களா? நீங்க அந்தப் பச்சை கேட்டு அபார்ட்மென்ட்தானே? உங்க தொட்டியைத்தானே நான் மாசாமாசம் எடுக்கறேன். எனக்கு மோர்கூட நீங்கதான் கொடுப்பீங்க.”

எனக்கு அப்போதுதான் அவனை அடையாளம் தெரிந்தது. எங்கள் பக்கம் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. இருபத்துநான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொட்டி. என் கணவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்; லாரியை வரவழைப்பது அவர் வேலை. வெயிலில் வந்து அந்த வேலை செய்கிறானே என்று நான் ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்புவேன். அவன் கேட்டுக்கு வெளியே நின்று குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவிக் கொடுப்பான். அந்த லாரி அங்கிருந்து எங்கே போகும் என்று ஒரு தடவைகூட நான் நினைத்ததில்லை.

“இதுக்குன்னு சுத்திகரிப்பு நிலையம் இருக்கே, அங்க ஏன் கொண்டு போகல?” என்று கேட்டார் சார்.

“அங்க போனா வரிசை சார். பத்துப் பன்னிரண்டு வண்டி நிக்கும். ஒரு லோடு இறக்க அரை நாள் போயிடும். இங்க இவங்க செக்ரட்டரி சார், உடனே வா, ரொம்பி வழியுதுங்கறாரு. நான் என்ன பண்ணட்டும்?”

சார் என் பக்கம் திரும்பினார். “எந்த செக்ரட்டரி?”

“எங்க வீட்டுக்காரர்தான் சார்” என்றேன்.

 டிரைவர் குழாயைத் திரும்ப மாட்டினான். அன்றைக்கு அவன் கொட்டாமலே போனான். வேறு எங்கே போய்க் கொட்டினானோ தெரியாது. அண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். சார் நாற்காலியில் உட்கார்ந்து, பிளாஸ்கில் மிச்சமிருந்த காப்பியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“குடிங்கம்மா. ஆறிடும்.”

அதற்கு மேல் அவர் அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஏதாவது கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே வாட்ஸ்அப் குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். செத்த மீன் படத்தை நான் போட்ட நாள் வந்தது. அந்தப் படத்துக்கு நேர் மேலே, முந்தின நாள் மதியம், என் கணவர் அனுப்பிய செய்தி இருந்தது: ‘இன்று மாலை செப்டிக் டேங்க் லாரி வரும். கார்களை ஓரமாக நிறுத்தவும்.’ ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டையும் இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் பார்த்திருக்கிறோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

“அவன் எங்க கொண்டு போய்க் கொட்டறான்னு எனக்கென்ன தெரியும்?” என்றார்.

“கேட்டீங்களா?”

“கேக்கல.” பேப்பரை மடித்தார். “நீயும் கேக்கலையே. அவனுக்கு மோர் கொடுத்தியே, ஒரு வார்த்தை கேட்டியா?” என்றார்.

சண்டை போடுவதற்காக அவர் சொல்லவில்லை. அது உண்மைதான். நான் குளிக்கப் போனேன். குளியலறையில் தண்ணீர் வட்டமாகச் சுழன்று ஓட்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றுவிட்டேன். அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகத்தான் போனேன்.

படத்தை அந்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை. முதலில் வீட்டைச் சரிசெய்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்கு என்றும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டோம். என் கணவரே எழுந்து சொன்னார், எதையும் மறைக்கவில்லை. பாதிப் பேருக்கு ஏன் இதைக் கேட்கிறோம் என்று இருந்தது. “எல்லா அபார்ட்மென்டும்தான் கொட்டுது, நம்ம ஒருத்தர் நிறுத்தினா ஆறு சுத்தமாயிடுமா?” என்றார் ஒருவர். “மீனு சாப்பிடறவங்க கவலைப்பட வேண்டியது இது” என்று இன்னொருவர் சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் தொட்டியம் ஊர்க்காரி, எங்கள் வீட்டில் மீன் சாப்பிடுவோம் என்பதும், இந்தக் குடியிருப்புக்கு வந்தபிறகு அடுப்பில் மீன் ஏற்றியதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எனக்குப் பழகியதுதான்.

மூன்றாம் மாடியில் கோயில் கைங்கரியம் பார்க்கிற குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அதுவரை பேசாமல் இருந்தவர், நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார்.

“தினம் ஸ்நானம் பண்றச்சே காவேரின்னு சொல்லிண்டுதான் ஜலத்தைத் தலையில விட்டுக்கறேன். கொள்ளிடம் மட்டும் யாரு, அவதானே? அந்த ஜலத்துல போய் இதைக் கொட்டியிருக்கோம். அபசாரம்னு தெரிஞ்சப்புறமும் பேசிண்டு நிக்கலாமா?”

 பிறகு ஒரே ஒரு தீர்மானம் ஆயிற்று. இனிமேல் லாரிக்காரன் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்கிய சீட்டைக் கொண்டு வந்து காட்ட வேண்டும். அடுத்த நிமிஷம் லிஃப்ட் எப்போது சரியாகும் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த முறை தொட்டி எடுத்தபோது என் கணவர் தானே லாரியில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். காலை ஒன்பது மணிக்குப் போனவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, இரண்டு தடவை சோப்பு போட்டுக் குளித்தார்.

“எட்டாவது வண்டியா நின்னோம். அவன் சொன்னது பொய் இல்ல. நிழல்கூட இல்ல அங்க” என்றார். சீட்டை என் கையில் கொடுத்தார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து மடுவில் திரும்பவும் மீன் செத்தது. அது எங்கள் லாரி இல்லை. ஆனால் என்னிடம் இருந்தது எங்கள் லாரியின் படம் மட்டும்தான். கரையில் நின்று அண்ணனைப் பார்த்தேன். சாக்கு நிறையவில்லை, மீனே குறைந்துபோயிருந்தது. அன்று மதியம் ஆபீசுக்குப் போய்ப் படத்தையும் கடிதத்தையும் கொடுத்தேன். எந்தக் குடியிருப்பிலிருந்து எடுத்தது என்றும் எழுதியிருந்தேன்.

அதிகாரி இரண்டு தடவை படித்தார். “இது உங்க அட்ரஸ்தானே மேடம்?”

“ஆமாங்க.”

“நீங்களே எழுதிக் கொடுக்கறீங்களா?”

“வேற யாரோட போட்டோவும் என்கிட்ட இல்லீங்க.”

அவர் கடிதத்தில் முத்திரை குத்தினார். நோட்டீஸ் எங்கள் குடியிருப்புக்கு வந்தது. அந்தச் சமயத்தில் அந்த வட்டாரத்திலேயே சீட்டு வாங்கி வைத்திருந்த ஒரே குடியிருப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும். கணவர் செயலாளர் பதவியிலிருந்து விலகினார். விலக வைத்தார்கள் என்று சொல்வதே சரி. லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுபோகும். டிரைவரின் லாரியைக் கொஞ்ச நாள் ஓட்டக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அவன் எனக்குப் போன் செய்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

“மத்த வண்டியெல்லாம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. என் வண்டிதான் நிக்குது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

ஆனால் நோட்டீஸ் வந்த செய்தி மற்ற லாரிக்காரர்களுக்கும் பரவியிருக்க வேண்டும். அந்தச் சரிவில் பிறகு லாரி இறங்கவில்லை. கொட்டக்கூடாது என்று ஆபீசிலிருந்து வந்து ஒரு போர்டும் நட்டார்கள். அதற்குள் சித்திரை வெயிலில் மடு பாதியாகச் சுருங்கிவிட்டது. மிச்சம் இருந்த தண்ணீரும் சரியில்லை. அண்ணன் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். “இன்னும் பத்து நாள் தாங்கினா பெருசு. பாலத்துக்குக் கீழ இருக்கற மடு ஆழம், கோடையிலயும் வத்தாது. பொழைச்சுக் கிடக்கறதைப் புடிச்சு அதுல விட்டுடலாம்” என்றார்.

சார் எங்கிருந்தோ இரண்டு நீல டிரம் கொண்டு வந்தார். கணவர் ஒரு லோடு ஆட்டோ பேசினார். அண்ணனும் அக்காவும் வலையை இழுத்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் சேறாகத் தெரிந்த தண்ணீருக்குள் அத்தனை உயிர் இருந்தது: கெண்டை, கெளுத்தி, ஆரால், கையகலத்துக்கு ஜிலேபிக் கெண்டை. ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு டிரம் நிறையப் போட்டுவிட்டோம். பாலத்தடிக்குப் போய்த் திறந்தால் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிருந்தது.

அண்ணன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். “நாப்பது வருஷமா மீனு புடிக்கறேன், உசுரோட கொண்டுபோகத் தெரியல பாருங்க.”

“பொணமாத்தானே கொண்டுபோய்ப் பழக்கம். எந்திரிங்க, வெயில் ஏறுது” என்றார் அக்கா.

பிறகு டிரம்மில் பாதிக்கும் குறைவாகப் போட்டு, வாயை ஈரச் சாக்கால் மூடி, வெயிலுக்கு முன்னால் இரண்டே நடை என்று மூன்று காலை போனோம். டிரம்மைச் சாய்த்து விடும்போது மீன்கள் உடனே போகாது. தண்ணீரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்கும். செத்துவிட்டதோ என்று நினைக்கும்போது வாலை ஒரு வெட்டு வெட்டி உள்ளே இறங்கிவிடும். கடைசி நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சார் கேட்டார்: “இவ்வளவு பாடுபட்டு விடறோம். நாளைக்கே யாராவது இங்க வலை போட்டா?”

“போடட்டுமே. நானே போடுவேன்” என்றார் அண்ணன். “வலையில செத்தா அது மீனு சாவுற சாவு. நாலு பேரு சாப்பிடுவாங்க. மலத்தைக் குடிச்சு மூச்சு முட்டிச் சாவுறது என்னாங்க சாவு?”

சார் தலையை ஆட்டினார். அந்த மூன்று நாளில் ஏதோ ஒரு நாள், மடுச் சேற்றில் அவர் காலில் கண்ணாடி கிழித்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. அவருக்கும் சர்க்கரை. இரண்டு வாரத்தில் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனபோது, “ஒரு விரல்தானே” என்று சொல்லிவிட்டு, அண்ணன் இப்போது எங்கே வலை போடுகிறார் என்று விசாரித்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் நிலையில் நானும் சிரித்திருக்க மாட்டேன். அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆடியில் முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்தார்கள். கரையிலிருந்து கரைக்குச் செம்மண் நிறத்தில் போயிற்று. பாலத்தின் மேல் ஊரே நின்று படம் எடுத்தது. பஜ்ஜிக் கடைகூட வந்துவிட்டது. நாங்கள் அள்ளியது, அள்ளாமல் விட்டது, அவர்கள் நட்ட போர்டு, மடு, எல்லாவற்றையும் அது கொண்டுபோயிற்று. சாரிடம் போனில் சொன்னேன். “வந்துடுச்சா?” என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன்.  

இப்போது இரண்டாவது கோடை. வெள்ளம் மணலை மாற்றிப் போட்டதில் மடு கொஞ்சம் கிழக்கே தள்ளி விழுந்திருக்கிறது. இந்த வருஷம் அதில் இதுவரை மீன் சாகவில்லை. அண்ணன் வாரத்தில் மூன்று நாள் வலை போடுகிறார். மற்ற நாளில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை குப்பை அள்ள நானும் கணவரும் அக்காவும் போகிறோம். மழை பெய்தாலோ கல்யாணம் காதுகுத்து என்று வந்தாலோ போவதில்லை. போகாத ஞாயிறுகளில் நிம்மதியாக இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

லாரிகள் நின்றுவிடவில்லை. கல்லணை போகிற வழியில், ஊர் முடிகிற இடத்தில், வேறு ஒரு சரிவைப் பார்த்துக்கொண்டுவிட்டன. போன மாதம் அந்தப் பக்கத்துப் புது நகரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஸ்கூல் டீச்சராம். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டுகிறார்கள், மீன் மிதக்கிறது, நீங்கள் வந்து ஒரு வார்த்தை பேசினால் நன்றாக இருக்கும் என்றாள். முழங்கால் வலி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். ஒரு வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிறையக் கோபமாக இருந்தார்கள். பேனருக்கு என்ன வாசகம் எழுதலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எனக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். எனக்கே சலிப்பாக இருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அந்த டீச்சர், “இப்ப நாங்க முதல்ல என்ன பண்ணணும் மேடம்?” என்றாள்.

“உங்க வீட்டுத் தொட்டியை யார் எடுக்கறாங்க, எங்க கொண்டு போறாங்கன்னு கேளுங்கம்மா” என்றேன்.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து கீழே போய்விட்டார். டீச்சர் மட்டும் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் அவர்கள் கூடுவார்களா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவானைக்கோவிலில் இறங்கி ஸ்ரீரங்கம் பஸ் மாற வேண்டும். தலையைக் கம்பியில் சாய்த்தது நினைவிருக்கிறது.

“அம்மா, சத்திரம் வந்துடுச்சு. கடைசி ஸ்டாப். எறங்குங்க.”

கண்டக்டர் சீட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வேறு யாரும் இல்லை.

“திருவானைக்கோவில்?” என்றேன்.

“அது போயி எவ்வளவு நேரமாச்சு! நல்லாத் தூங்கிட்டீங்க.”

பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். எதிர்ப்பக்கத்தில் ஸ்ரீரங்கம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஓடிப் பிடிக்க முடியாது என்று தோன்றியது. அடுத்ததில் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.